மகன் ஆலையில் 2,900 வெள்ளி (ரிங்கிட்) வாங்குகிறான், இனி எதற்குப் படிப்பு என்கிறான். யாராவது கணக்குச் சொல்லுங்கள்

செல்வி, பாடாங் செராய்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரே வழக்கு. தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லை, அதனால் இங்கே கொண்டுவந்தேன்.

மகன் போன முறை எஸ்பிஎம், அதாவது ஐந்தாம் படிவத் தேர்வு, எழுதினான். மலாய் ஏ மைனஸ், கணிதம் ஏ, இயற்பியல் பி, ஆங்கிலம் சி, வரலாறு சி பிளஸ். பிரமாதம் என்று சொல்ல முடியாது, அழவும் வேண்டியதில்லை. தேர்வு முடிந்த மறுவாரமே பக்கத்து வீட்டுப் பையனோடு போய் கூலிம் ஹைடெக் பார்க்கில் ஓர் எலெக்ட்ரானிக் ஆலையில் ஆப்பரேட்டராகச் சேர்ந்துவிட்டான். ரிசல்ட் வரும்வரைதான் என்றான். ரிசல்ட் வந்து, எல்லாரும் பார்த்து, மிட்டாய் கொடுத்து முடித்தாயிற்று. கம்பெனி பஸ் தாமான் முனைக்குக் காலை ஐந்தே முக்காலுக்கு வருகிறது. இவன் இன்னும் அதில்தான் ஏறிக்கொண்டிருக்கிறான்.

பல்கலைக்கழகம், பாலிடெக்னிக்கில் சேருவதற்கான யூபியூ விண்ணப்பம் மூட இன்னும் பத்து நாள். "போட்டாயா?" என்று கேட்டதற்குச் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து சம்பல் கிண்ணத்துக்கு அடியில் வைத்தான். மொத்தம் 2,977 என்று இருந்தது. "அம்மா, மூன்று நாலு வருஷம் படித்துவிட்டு வந்தால் இதைவிட எவ்வளவு கூடக் கிடைக்கும், சொல்லுங்க?" என்றான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவன் அப்பா செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறார், இருபத்திரண்டு வருடமாக. நடைக்கு இவ்வளவு என்று கூலி. மழைக்காலத்தில் தீம்பார்த் தோட்டத்துக்குள் லோரி இறங்காது, அப்போது நடையும் இல்லை, கூலியும் இல்லை. அவர் சீட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "விடு செல்வி, நல்ல மாதத்தில் நான் வாங்குவதை இவன் வாங்குகிறான்" என்றார். அதோடு நிறுத்தவில்லை. என் அண்ணன் மகளை இழுத்தார். அவள் தனியார் கல்லூரியில் பட்டம் வாங்கி, பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடன் முப்பதாயிரத்துக்கு மேல் வைத்துக்கொண்டு, சுங்கைப் பட்டாணியில் கைப்பேசிக் கடையில் 1,900-க்கு நிற்கிறாள். எங்கள் குடும்பத்தில் படிப்பு என்ற பேச்சு எடுத்தால் அந்தப் பிள்ளையின் பெயர்தான் முதலில் வரும். பாவம் அவள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். 1994-ல் பிஎம்ஆர், மூன்றாம் படிவத் தேர்வு, எழுதினேன், அதோடு சரி. இப்போது கையுறை ஆலையில் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். கையுறையைக் காற்றடித்து ஊதிப் பார்த்து ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. கோவிட் காலத்தில் 2020, 2021-ல் ஓவர்டைம் வேண்டாம் என்றாலும் விடமாட்டார்கள். அந்த வருமானத்தை நம்பி ஒரு பழைய மைவி கார் எடுத்தோம், தவணை மாதம் 480. 2022 கடைசியில் கையுறைக்கு விலை விழுந்தது. ஒருநாள் நோட்டீஸ் பலகையில் ஒரு தாள். மறுநாளிலிருந்து ஓவர்டைம் கிடையாது. அடிப்படைச் சம்பளம் 1,500 மட்டும். ஆறு மாதம் தள்ளிப் பார்த்தோம், அப்புறம் காரை விற்றுவிட்டோம்.

இதை மகனிடம் சொன்னால், "கையுறை வேறு, சிப் வேறு அம்மா, உலகம் பூரா சிப் வேண்டும்" என்கிறான். இருக்கலாம்.

படித்தால் நல்ல வேலை, நல்ல சம்பளம் என்று நாமும் சொல்லிச் சொல்லி வளர்த்தோம். அது இன்னும் உண்மையா? உண்மை என்றால் எந்தப் படிப்பு? புத்திமதி வேண்டாம், அதை நானே நிறையச் சொல்லியாயிற்று. கணக்காகக் காட்டினால்தான் அவன் காதில் ஏறும்.

மூன்று லோரி முதலாளி:

என் தவுக்கே, அதாவது முதலாளி, ஆறாம் ஆண்டோடு படிப்பை விட்டவர். இன்று பெரிய வீடு. நானும் படிவம் 3 தான். மூன்று லோரி ஓடுகிறது. பையனை விடுங்கள் அக்கா, பிழைக்கத் தெரிந்தவன் பிழைப்பான்.

கூலிம் டெக்னீஷியன்:

மேலே அண்ணன் சொன்னதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மூன்று லோரிக்கும் தவணை கட்டுகிறவருக்குத்தான் அது தெரியும்.

அக்கா, முதலில் ஒன்று சொல்லுங்கள். 2,977 என்பதில் அடிப்படை எவ்வளவு, ஓவர்டைம் எத்தனை மணி? சீட்டைப் பார்த்து எழுதுங்கள்.

செல்வி, பாடாங் செராய்:

தம்பி, சீட்டு இன்னும் சம்பல் கறையோடு இங்கேதான் இருக்கிறது. அடிப்படை 1,700. ஷிப்ட் அலவன்ஸ் 100. ஓவர்டைம் 96 மணி, 1,177. இபிஎஃப் சேமநிதி 198, சொக்சோ காப்புறுதியும் மற்றதும் இருபது வெள்ளி சொச்சம் பிடித்தது போக, கையில் 2,756.

கூலிம் டெக்னீஷியன்:

சரி, இப்போது கணக்குப் போடலாம். பையனையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

1,700 என்பது 2025 பிப்ரவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம். அதற்குக் கீழே கொடுத்தால் குற்றம். அதாவது கம்பெனி அவனுக்குச் சட்டம் சொல்வதற்கு மேல் அடிப்படையில் ஒரு சென்கூடக் கூடுதலாகக் கொடுக்கவில்லை. மீதி எல்லாம் அவன் தூக்கத்தை விற்ற காசு.

எப்படி வருகிறது பாருங்கள். 1,700-ஐ 26-ஆல் வகுத்து, பிறகு 8-ஆல் வகுத்தால் ஒரு மணிக்கு 8 வெள்ளி 17 சென். சாதாரண நாள் ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, 12 வெள்ளி 26 சென். அதை 96 மணிக்குப் பெருக்கினால் 1,177. சரியாக வருகிறது, கம்பெனி ஏமாற்றவில்லை. ஆனால் சட்டத்தில் ஓவர்டைமுக்கு மாத உச்சமே 104 மணிதான். பையன் இப்போதே கூரையில் தலை முட்ட நிற்கிறான். இதற்கு மேல் போனால் இன்னும் எட்டு மணி, நூறு வெள்ளி. கீழே இறங்கவோ 1,177 வெள்ளி அளவுக்கு இடம் இருக்கிறது.

அடுத்தது, ஓவர்டைம் பணத்துக்கு இபிஎஃப் கிடையாது. இது நிறையப் பேருக்குத் தெரியாது. அவனுக்கு 1,800-க்குத்தான் பிடிக்கிறார்கள். அவன் பங்கு 198, கம்பெனி பங்கு 13 விழுக்காடு, 234. ஆக மாதம் 432 சேர்கிறது. எங்கள் லைனில் இந்த வருடம் ஒரு பெண் எஞ்சினியர் வந்து சேர்ந்தார், மின்னணுவியல் பட்டம். அடிப்படை 3,500. அவர் பங்கு 385, கம்பெனி பங்கு 455, ஆக 840. கையில் எடுத்துப் போவதில் உங்கள் மகனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் முந்நூற்றுச் சொச்சம்தான் வித்தியாசம். அங்கேதான் பையன் கண்ணு மறைக்கிறது. அந்தப் பெண் வாரத்துக்கு ஐந்து நாள், சாயங்காலம் ஆறு மணிக்குக் காரை எடுக்கிறார். உங்கள் பையன் ஆறு நாள், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். இரண்டு பேரையும் 96 மணியைக் கழித்துவிட்டு நிறுத்திப் பாருங்கள்.

நான் 2007-ல் எஸ்பிஎம்மோடு ஆப்பரேட்டராக வந்தவன். அப்போது குறைந்தபட்சச் சம்பளச் சட்டமே இல்லை, அடிப்படை 520. ஓவர்டைம் சேர்த்து ஆயிரத்துக்கு மேல் வந்தது, ராஜா மாதிரி இருந்தேன். அமெரிக்காவில் ஏதோ பேங்க் விழுந்ததாம், 2009 தொடக்கத்தில் இங்கே எங்களை வாரம் மூன்று நாள் வந்தால் போதும் என்றார்கள். சிப்புக்கும் அந்த மாதிரிக் காலம் வரும் தம்பி. 2023-லும் வந்தது, என் லைனில் நாலு மாதம் ஓவர்டைம் பூஜ்யம்.

ஆனால் என்னைப் படிக்க வைத்தது அது இல்லை. எங்கள் லைனில் பத்து வருடம் வேலை பார்த்த அக்கா ஒருவர். வருடத்துக்கு 30, 40 என்று ஏறி ஏறித்தான் அவர் அடிப்படை தொள்ளாயிரத்தை ஒட்டி வந்திருந்தது. 2013-ல் அரசாங்கம் குறைந்தபட்சம் 900 என்றது. அந்த வாரம் புதிதாக வந்த பையனுக்கும் 900. அந்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கேண்டீனில் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. 2022 மே மாதம் 1,500 ஆனபோதும் இதே கதைதான். ஆப்பரேட்டர் வேலையில் பத்து வருட அனுபவத்துக்குத் தனி விலை இல்லை என்று அன்றைக்குப் புரிந்தது.

அப்புறம் சனி, ஞாயிறில் வகுப்புக்குப் போய் டிப்ளோமா முடித்தேன். மூன்று வருடம். இரவு ஷிப்ட் முடித்து நேராக வகுப்பு. ஒருமுறை தேர்வுத் தாளிலேயே தூங்கி விழுந்து எச்சில் ஒழுகிவிட்டது, மேற்பார்வையாளர் மலாய்க்கார அம்மா, தட்டி எழுப்பி டிஷ்யூ கொடுத்தார். இப்போது சீனியர் டெக்னீஷியன், அடிப்படை 3,900. நாலாயிரத்தைத் தாண்டினால் கம்பெனி எனக்கு ஓவர்டைம் கொடுக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, 2023-லிருந்து சட்டம் அப்படி. எப்போது தாண்டுவேன் என்று நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், தாண்டிவிடுவேனோ என்று மனைவி பயந்துகொண்டிருக்கிறார்.

பிறை கணக்கர்:

அந்தக் கைப்பேசிக் கடைப் பிள்ளையைப் பற்றிப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நானும் அப்படி ஒருத்திதான். எங்கள் வீட்டுத் திருமண வீடுகளில் என் பெயரைச் சொல்லித்தான் மற்றப் பிள்ளைகளின் படிப்பை நிறுத்தியிருப்பார்கள்.

வணிக நிர்வாகம் படித்தேன், ஒரு தனியார் கல்லூரியில். அந்தக் கல்லூரி எங்கள் இடைநிலைப்பள்ளிக்கே வந்து மேசை போட்டு, இலவசப் பை கொடுத்து ஆள் சேர்த்தது. அப்பாவுக்குப் பெருமை. "பிடிபிடிஎன் பார்த்துக்கொள்ளும், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்றார்கள். நான் எந்தத் துறைக்குப் போகிறேன், அதற்கு எங்கே வேலை இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்க அவர்களுக்குத் தெரியாது. அப்பா ஆடு மாடு வாங்கும்போதுகூடப் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர். கல்லூரியைப் பார்க்க அவருக்கு எங்கே பிடித்துப் பார்ப்பது என்று தெரியவில்லை.

முதல் இன்டர்வியூ பட்டர்வர்த்தில். "எக்செல்லில் பைவட் டேபிள் போடுவீர்களா?" என்று கேட்டார் ஒரு சீன அம்மா. மூன்று வருடத்தில் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. கணினியைத் திருப்பி என் பக்கம் வைத்தார். நான் அதைப் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது. அவ்வளவுதான் அந்த இன்டர்வியூ.

இரண்டு வருடம் துணிக்கடையில் கல்லாவில் இருந்தேன். பட்டம் முடித்து ஒரு வருடத்தில் பிடிபிடிஎன் தவணை தொடங்கிவிடும், 32,000-க்கு மாதம் 180. துணிக்கடைச் சம்பளத்தில் அதைக் கட்டும்போது வரும் கோபம் இருக்கிறதே! பிறகு கணக்குப்பதிவு தனியாகப் படித்தேன், இரவு வகுப்பு, என் சொந்தக் காசு. இப்போது பிறையில் ஒரு சரக்குக் கம்பெனியில் கணக்குப் பிரிவு, 3,100. பைவட் டேபிள் இப்போது தூக்கத்திலும் போடுவேன்.

நாங்கள் இரண்டொரு பேர் இல்லை அக்கா. டிப்ளோமா, பட்டம் முடித்து வேலையில் இருப்பவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் தங்கள் படிப்புக்குக் கீழான வேலையில்தான் இருக்கிறார்கள் என்று புள்ளிவிவரத் துறை வருடா வருடம் சொல்கிறது. 2023-ல் நாட்டின் இடைநிலைச் சம்பளம் 2,602. சம்பளம் வாங்குபவர்களில் பாதிப் பேர் அதற்கும் கீழே என்று அர்த்தம். அதே துறைதான், பட்டதாரிகளின் சராசரிச் சம்பளம் எஸ்பிஎம்காரர்களைவிட நன்றாகவே கூட என்றும் காட்டுகிறது. இரண்டும் உண்மை. உங்கள் கணவர் என்னைப் போன்றவர்களைப் பார்க்கிறார், பள்ளி ஆசிரியர்கள் அந்தச் சராசரியைப் பார்க்கிறார்கள்.

கல்லூரிக்குப் பணம் கட்டும் முன் அந்தப் படிப்பு எம்க்யூஏ என்ற கல்வித் தகுதி அமைப்பின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பெயரைத் தட்டிப் பாருங்கள், இணையத்தில் ஐந்து நிமிட வேலை. அங்கே இல்லாத பட்டத்தைக் காட்டி அரசாங்க வேலைக்குப் போக முடியாது. அண்ணன் மகளிடம் என் கதையைச் சொல்லுங்கள். அவளுக்கு இருபத்தைந்து இருக்குமா? வயது ஒன்றும் போய்விடவில்லை.

பெரிய கிராணி (ஓய்வு):

அம்மா செல்வி, நான் எழுபதைத் தொட்டவன். கைப்பேசியில் தட்டத் தட்ட எழுத்து ஓடுகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் நிற்பார்கள். வானம் இருண்டிருந்தால் யாரும் பேசமாட்டார்கள், எல்லார் கண்ணும் மேலே இருக்கும். மழை பெய்தால் மரத்தில் பால் எடுக்க முடியாது, அன்றைக்குக் கூலி இல்லை. செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் கிராணி, அதாவது தோட்டத்துக் குமாஸ்தா, கோடு போட்டுவிட்டுப் போய்விடுவார். அந்தக் கோட்டைப் போடுகிறவருக்கு மட்டும் மழையானாலும் வெயிலானாலும் மாதச் சம்பளம். அவர் வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் உள்ளேயே வரும். எங்கள் லயத்தில் இருபது வீட்டுக்கு ஒரு குழாய். என் அம்மா குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, "நீ அந்த வீட்டுக்குப் போகணும்டா" என்பாள். எனக்குப் படிப்பு என்றால் அந்தக் குழாய்தான்.

எல்சிஇ (மூன்றாம் படிவம்) தேறி, எம்சிஇ (ஐந்தாம் படிவம்) முடித்து, 1974-ல் சின்னக் கிராணியாகச் சேர்ந்தேன். அந்தக் காலத்தில் எம்சிஇ என்றால் தோட்டத்து மேனேஜர் துரையே பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பத்து வருடம் கழித்து அதே தரச் சான்றிதழை வைத்துக்கொண்டு வந்த பையன்களுக்குக் கிராணி வேலை இல்லை, ஏனென்றால் எல்லார் கையிலும் அது இருந்தது. ஏணி அதேதான், படிகளை ஒவ்வொன்றாக மேலே நகர்த்திக்கொண்டே போகிறார்கள். இன்றைக்கு எஸ்பிஎம் என்பது என் காலத்து ஆறாம் வகுப்பு மாதிரி. உன் பையன் நிற்பது கீழ்ப்படி. அது உறுதியாகத்தான் இருக்கிறது, ஆனால் கீழ்ப்படி.

இன்னொன்றும் பார்த்தேன். தோட்டம் கைமாறிய வருடம். அந்தப் பயம் எங்களுக்குப் புதிதில்லை. துன் சம்பந்தன் 1960-ல் தொடங்கிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் என் அப்பாகூடப் பங்கு வாங்கியிருந்தார், தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றால் நம் ஜனம் எங்கே போகும் என்ற பயத்தில்தான். எங்கள் தோட்டமும் கடைசியில் போயிற்று. லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது கையில் ஒரு சான்றிதழாவது வைத்திருந்தவர்கள் இரண்டு மாதத்தில் வேறு இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். என் அப்பாவைவிட நன்றாக மரம் வெட்டுகிற ஆட்கள் இருந்தார்கள், ஒரு பட்டைக் காயம்கூடப் படாமல் வெட்டுவார்கள். அவர்கள் கைவேலைக்குத் தாள் இல்லை. கூலிமில் பங்களாத் தோட்டத்துக்குப் புல் வெட்டப் போனார்கள்.

கண் வலிக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

வயர்மேன் மணியம்:

கிராணி ஐயா சொன்ன கைவேலைக்குத் தாள், அதைப் பிடித்துக்கொண்டே நான் வருகிறேன். எல்லாரும் ஒரு பக்கம் ஆப்பரேட்டர், இன்னொரு பக்கம் பட்டம் என்று பேசுகிறீர்கள். நடுவில் ஒரு பெரிய ரோடு போகிறது.

எனக்கு எஸ்பிஎம் சுமார்தான். ஐஎல்பி என்ற அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்சாரம் படித்தேன், எஸ்கேஎம் திறன் சான்றிதழ் மூன்றாம் நிலை. கையில் கொஞ்சம் செலவுப் பணமும் கொடுத்தார்கள். வெளியே வந்து வயர்மேன் லைசென்ஸ் எடுத்தேன். நாலு வருடம் வீடு வீடாக வயரிங். அப்புறம் ஆலை மின்சாரத்துக்குப் பொறுப்பான சார்ஜ்மேன் லைசென்ஸ், முதலில் ஏ0 என்ற குறைந்த அழுத்தம், பிறகு பி0. பி0 என்றால் உயர் அழுத்தம், 11,000 வோல்ட் வரை. பெரிய மின்சாரம் எடுக்கும் ஆலைகளில் சார்ஜ்மேன் இல்லாமல் சுவிட்ச் ரூமைத் தொடக்கூடாது. சட்டம் அது. அதனால் ஆர்டர் குறைந்தாலும் ஆப்பரேட்டரைத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள், சார்ஜ்மேனை அனுப்பமாட்டார்கள். இப்போது என் அடிப்படை 4,800.

ஆனால் "படிக்கப் பிடிக்கவில்லை, அதனால் கைத்தொழில்" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். சார்ஜ்மேனுக்கான எரிசக்தி ஆணையத் தேர்வில் முதல்முறை நான் ஊத்திக்கொண்டேன். எழுத்துத் தேர்வில் இல்லை, வாய்மொழியில். எதிரே இருந்தவர் ஒரு சர்க்யூட் படத்தை வைத்து, இந்த டிரான்ஸ்ஃபார்மரை வேலைக்குத் தனிமைப்படுத்த என்ன செய்வாய் என்று கேட்டார். பிரேக்கரைத் திறப்பேன், ஐசோலேட்டரைத் திறந்து பூட்டுவேன், எர்த் செய்வேன் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "மின்சாரம் போய்விட்டது என்று உனக்கு யார் சொன்னது?" என்றார். சோதித்துப் பார்க்காமல் எர்த்துக்குப் போய்விட்டேன். நிஜ இடமாக இருந்திருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்க நான் இருந்திருக்கமாட்டேன். ஆறு மாதம் உட்கார்ந்து படித்தேன். பள்ளியில் அப்படிப் படித்திருந்தால் டாக்டர் ஆகியிருப்பேன் என்று அம்மா இன்றும் சொல்வார்.

அக்கா, உங்கள் பையனுக்குக் கணிதம் ஏ, இயற்பியல் பி. அது சும்மா இல்லை. அவன் வேலை செய்யும் அதே ஹைடெக் பார்க்கில் துவாங்கு சுல்தானா பாஹியா பாலிடெக்னிக் இருக்கிறதே, அவன் ஏறும் பஸ் அந்த வழியாகத்தான் போகவேண்டும். மின்னியல், இயந்திரவியல் டிப்ளோமா. கட்டணம் பருவத்துக்கு 200 வெள்ளியை ஒட்டித்தான், தனியார் கல்லூரியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. வேண்டுமானால் அங்கிருந்து பட்டத்துக்கும் போகலாம்.

கூலிம் டெக்னீஷியன்:

மணியம் அண்ணன் சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பாலிடெக்னிக்கில் கடைசிப் பருவத்தில் தொழிற்பயிற்சிக்கு அனுப்புவார்கள். எங்கள் ஆலைக்கு வரும் பிள்ளைகளில் ஏற்கெனவே ஆப்பரேட்டராக இருந்தவன் தனியாகத் தெரிவான். மெஷின் சத்தம் மாறினால் தலையைத் திருப்புவான். இந்த ஆறு மாதம் அவனுக்கு வீண் போகாது என்று சொல்லுங்கள்.

இப்போது போகவில்லை என்றாலும் கதவு பூட்டிவிடாது. வேலை அனுபவத்தை வைத்துப் படிப்பில் சேர அபெல் என்று ஒரு வழி இருக்கிறது. டிப்ளோமாவுக்கு இருபது வயது, பட்டத்துக்கு இருபத்தொன்று ஆகியிருக்கவேண்டும். ஆனால் எச்சில் ஒழுகும், அதையும் சொல்லிவிடுங்கள்.

செல்வி, பாடாங் செராய்:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், நைட் ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஓய்வு. நாள்காட்டித் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் டெக்னீஷியன் தம்பி சொன்ன கணக்கை என் கையாலேயே போட்டேன். 1,700-ஐ 26-ஆல் வகுக்கும்போது தப்பு விட்டேன், அவன் சிரித்துக்கொண்டே பேனாவை வாங்கிக்கொண்டான். அப்புறம் அவனே போட்டான். 12 வெள்ளி 26 சென் வந்ததும் கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு 96 என்ற எண்ணை அடித்துவிட்டு 0 என்று எழுதிக் கூட்டிப் பார்த்தான். 1,800. ஒன்றும் பேசவில்லை. மைவி காரை எங்கே நிறுத்துவோமோ அந்த இடத்தில் இப்போது என் பூச்சட்டிகள் இருக்கின்றன. எழுந்து போய் அங்கே நின்றான்.

அவன் அப்பாதான் எதிர்பாராமல் பேசினார். சார்ஜ்மேன் கதையைப் படித்துக் காட்டினேன். "பழ ஆலையில் ஒருத்தன் இருக்கான் செல்வி, அவனுக்கு மேனேஜரே நாற்காலி போடுவான். அவன் சார்ஜ்மேன்தானா!" என்றார். இருபத்திரண்டு வருடமாக அந்த ஆலைக்கு லோரி ஓட்டுகிற மனுஷன், அந்த சார்ஜ்மேன் என்ன படித்தார் என்று இத்தனை நாள் கேட்டதில்லை.

நேற்று இரவு பத்தரை மணி இடைவேளையில் கைப்பேசியிலேயே யூபியூ போட்டுவிட்டானாம். முதல் விருப்பம் பாலிடெக்னிக், மின்னியல். இரண்டாவது என்ன போட்டாய் என்று கேட்டேன், சொல்லமாட்டேன் என்கிறான். கிடைத்தால் போவேன், கிடைக்காவிட்டால் லைனிலேயே இருந்து டெக்னீஷியன் அண்ணன் மாதிரி வார இறுதியில் படிப்பேன், மறுபடி சண்டை போடக்கூடாது என்று நிபந்தனை. சரி என்றுவிட்டேன். என் அண்ணன் மகளிடமும் பேசினேன். பிறை தங்கை, அவள் உங்களிடம் ஏதோ கேட்கவேண்டும் என்கிறாள், தனிச் செய்தி அனுப்பலாமா?

கடைசியாக ஒரு கேள்வி, படிப்பைப் பற்றி இல்லை. பாலிடெக்னிக் கிடைத்தால் கம்பெனி பஸ் கிடையாது. பாடாங் செராயிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் போய்வர முடியுமா, விடுதியில் போடுவது நல்லதா? அந்த ரோட்டில் லோரி அதிகம், எனக்கு அதுதான் பயம்.

மூன்று லோரி முதலாளி:

விடுதியில் போடுங்கள் அக்கா. காலையில் அந்த ரோட்டில் என் லோரிகளும் போகின்றன. டிரைவர்களை எனக்குத் தெரியும்.